புது ஃபோர் வீல் டிரைவை அவசரமில்லாமல் மலைக்குத் தயார் செய்வது எப்படி: சேலம், ஏற்காடு பக்கம் ஓட்டுபவர்களுக்கு

மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி, ஃபோர்ஸ் கூர்க்கா என்று புதிதாக எடுத்தவர்களில் பலர், டெலிவரி எடுத்த மறுவாரமே பாகம் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். முதலில் கூரை கேரியர், அடுத்து முன்பக்க இரும்பு பம்பர், அதன் மேல் எல்.இ.டி. பார். ஆறு மாதத்தில் ஒன்றரை லட்சம் போயிருக்கும். வண்டி ஏறாத மேடு மட்டும் அப்படியே இருக்கும்.

சேர்வராயன் மலையில் ஓட்டுபவர் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். மண் பாதையில் நாலு கிலோமீட்டர் போவதற்காக, 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, அதே 20 வளைவுகள் இறங்கி வரப்போகிறீர்கள். மாட்டும் ஒவ்வொரு பாகமும் பாறையிலும் வேலை செய்ய வேண்டும், நனைந்த மலை ரோட்டில் பிரேக் பிடிக்கும்போதும் தொல்லை தரக் கூடாது. கீழே உள்ள வரிசை அந்தக் கணக்கில் போட்டது. விலைகள் ஏறத்தாழச் சொன்னவை, வாங்கும்போது இரண்டு கடையில் விசாரியுங்கள்.

1. பாகத்துக்கு முன் பேப்பர்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவுதான் அடிப்படை. உற்பத்தியாளர் சான்று பெற்ற விவரத்திலிருந்து வண்டி மாறக் கூடாது என்பதே அதன் சாரம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். “ஒவ்வொரு” என்பதைக் கவனியுங்கள். மூன்று மாற்றம் என்றால் மூன்று முறை கணக்கு.

முன்பக்க இரும்பு பம்பரும் கிராஷ் கார்டும் கூடாது என்று மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. காரணம் வெறும் சட்டம் மட்டும் இல்லை. மோதலில் நசுங்கி அதிர்வை வாங்க வேண்டிய முன்பகுதியை அந்த இரும்பு விறைப்பாக்கிவிடும், ஏர்பேக் விரியும் நேரமும் மாறலாம். எதிரே நடந்து வருபவருக்கு அது எமன். எனவே இந்தத் திட்டத்தில் இரும்பு பம்பர் கிடையாது.

வேலை தொடங்கும் முன் மூன்று காகிதங்களை ஒரே உறையில் போட்டு வையுங்கள்: ஆர்.சி., இன்ஷூரன்ஸ் பாலிசி, வாரண்டி புத்தகம். பாலிசியில் பார்க்க வேண்டியவை:

- பந்தயம், வேகச் சோதனை, தாங்குதிறன் போட்டி போன்றவற்றில் நேர்ந்த சேதத்துக்குக் கிளெய்ம் கிடையாது. ஆஃப் ரோடு போட்டியில் பெயர் கொடுக்கும் முன் அந்தப் பத்தியைப் படியுங்கள்.
- பிறகு மாட்டும் மின் பாகங்களைப் பாலிசியில் தனியாகச் சேர்க்கலாம். வழக்கமாகப் பாகத்தின் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் வரும். ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் வாங்கிய பொருளைச் சேர்க்க முடியாது. “பில் வேண்டாம்னா 500 குறைச்சுக்கறேன்” என்பவரிடம் வாங்காதீர்கள்.
- மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால், விபத்துக்குப் பிறகு வரும் சர்வேயர் முதலில் கை வைப்பது அங்கேதான்.

வாரண்டியில் பெரும்பாலும் சிக்கல் வருவது ஒயரை வெட்டி ஒட்டுவதால். பாகம் எதுவானாலும், சர்வீஸ் சென்டரில் கேட்டு, பதிலை எழுத்தில், குறைந்தபட்சம் வாட்ஸப்பிலாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

2. முதல் 5,000 கிலோமீட்டர்: எதையும் மாட்டாதீர்கள்

வண்டியைப் படிக்கும் காலம் இது. செலவு டீசலும் பெட்ரோலும் மட்டும்.

புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு, காய்ந்த தார் ரோட்டில் 4 ஹையில் (நாலு சக்கரத்துக்கும் இழுவை போகும் சாதாரண வேக நிலை) ஓட்டுவது. இந்த மூன்று வண்டிகளிலும் இருப்பது பகுதிநேர ஃபோர் வீல். 4 ஹை போட்டால் முன் அச்சும் பின் அச்சும் டிரான்ஸ்ஃபர் கேஸில் (இரண்டு அச்சுக்கும் இழுவையைப் பிரிக்கும் பெட்டி) ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிகத் தூரம் உருள வேண்டும். மண்ணில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும். பிடிப்புள்ள ரோட்டில் வழுக்க முடியாது, முறுக்கம் முழுவதும் செயினிலும் ஷாஃப்டிலும் ஏறும். ஸ்டியரிங் கனக்கும், கியர் லீவர் 2 ஹைக்கு (பின் சக்கரங்களுக்கு மட்டும் இழுவை) திரும்ப மறுக்கும். ஏற்காடு மலைப்பாதையில் 2 ஹை, குறைந்த கியர், அவ்வளவுதான். லீவர் திரும்பாமல் சிக்கிக்கொண்டால் நேர்க்கோட்டில் சில மீட்டர் ரிவர்ஸ் எடுங்கள், முறுக்கம் விட்டுவிடும்.

4 லோ (நாலு சக்கர இழுவை, மிகக் குறைந்த வேகம்), செங்குத்தான எஸ்டேட் இறக்கத்துக்கும் பாறைப் படிக்கும். வண்டியை முழுதாக நிறுத்தி, நியூட்ரலில் வைத்து மாற்றுங்கள். இறக்கத்தில் முதல் கியரில் விட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்துவிடுங்கள்.

இந்தக் காலத்தில் ஒரு வேலை கட்டாயம் செய்யுங்கள். புது வண்டியைப் பள்ளத்தின் மேல் அல்லது சர்வீஸ் லிஃப்டில் ஏற்றி, அடிப்பகுதியை முன்னிருந்து பின் வரை போட்டோ எடுங்கள். ஒவ்வொரு மண் பாதைக்குப் பிறகும் மீண்டும் எடுத்து ஒப்பிடுங்கள். எங்கே கீறல் விழுந்திருக்கிறதோ அங்கேதான் தகடு வேண்டும். எங்கே விழவில்லையோ அங்கே செலவு வேண்டாம்.

3. முதல் செலவு: காற்றும் கயிறும் (2 முதல் 4-ஆம் மாதம், 20,000 முதல் 30,000 ரூபாய்)

டயரில் காற்றைக் குறைப்பதைப்போல் மலிவாக வண்டியை மாற்றுவது வேறொன்றும் இல்லை. காற்று குறைந்தால் டயர் தரையில் நீளமாகப் படியும், கல்லைச் சுற்றி மடங்கும், குத்து வாங்காது. கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவை நூறாக வைத்துக் கணக்கிடுங்கள்:

- கப்பி ரோடு, உறுதியான மண்: கால்பங்கு குறையுங்கள். 32 பி.எஸ்.ஐ. என்றால் 24.
- பாறையும் வேரும் கலந்த எஸ்டேட் பாதை: 40 சதவீதம் வரை. 32 என்றால் 19 அல்லது 20.
- ஆழமான செஞ்சேறு: 16 முதல் 18. சாதாரண ரிம்மில் 15-க்குக் கீழே போகாதீர்கள், திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும்.

குறைத்த காற்றில் 30 கிலோமீட்டர் வேகம் போதும். தார் ரோடு தொட்டதும் முதல் வேலை காற்று ஏற்றுவது. “கீழே அடிவாரத்தில் பஞ்சர் கடை இருக்கு, அங்க அடிச்சுக்கலாம்” என்று இறங்கத் தொடங்குவது இந்தப் பக்கத்தில் நடக்கும் மிக ஆபத்தான காரியம். தளர்ந்த டயர் கொண்டை ஊசி வளைவில் பக்கவாட்டில் மடங்கும், சூடேறும், ரிம்மிலிருந்து பிதுங்கும். எனவே கம்ப்ரசர் வண்டியிலேயே இருக்க வேண்டும். பேட்டரியில் நேரடியாகக் கிளிப் மாட்டும் வகை வாங்குங்கள் (5,000 முதல் 12,000). லைட்டர் சாக்கெட்டில் செருகும் சிறியவை பெரிய டயருக்குத் திணறும், சாக்கெட் பியூஸும் போகும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் காற்று அடிக்க வேண்டும்.

மீட்புக் கயிறு: நைலான் கைனெட்டிக் கயிறு (இழுக்கும்போது நீண்டு சுருங்குவது), 9 மீட்டர். முறிவுத் திறன் வண்டியின் முழு எடையைப் போல் மூன்று மடங்கு இருக்கட்டும். ஜிம்னிக்கு 16 மி.மீ. தடிமன், மஹிந்திரா தார், கூர்க்காவுக்கு 19 அல்லது 22 மி.மீ. அளவுக்கு மீறித் தடித்த கயிறு நீளாது. நீளாத கயிறு சேஸைப் பிய்க்கும்.

கயிற்றை வண்டியோடு இணைக்கும் இரும்பு வளையமான ஷேக்கிளில்தான் ஏமாறுகிறோம். லாரி சாமான் கடைகளில் பளபளவென்று கிடைப்பவற்றில் பலவற்றுக்கு எடை முத்திரையே இருக்காது. வில் வடிவ ஷேக்கிளின் உடலில் ‘4.75 டி’ (4.75 டன்) என்று வார்த்திருக்க வேண்டும் (முக்கால் அங்குலம்). இல்லையென்றால் வாங்காதீர்கள். நல்லது, கயிற்றாலேயே செய்த சாஃப்ட் ஷேக்கிள் இரண்டு. அறுந்தாலும் இரும்புக் குண்டுபோல் பறக்காது.

கயிறு மாட்டும் இடம், கையேட்டில் இழுவைக் கொக்கி என்று காட்டியிருக்கும் இடம் மட்டுமே. டிரெய்லர் லாரியில் கட்டி அனுப்ப வைத்த சிறு வளையங்கள் இழுவைக்கு இல்லை. டிரெய்லர் கோக்கும் டோ பால் குண்டில் ஒருபோதும் மாட்டாதீர்கள், அது அறுந்து பின்கண்ணாடி வழியாகப் போய் ஆள் இறந்த சம்பவங்கள் உலகெங்கும் உண்டு. கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கு போடுங்கள். ஓட்டுநர்களைத் தவிர மற்ற எல்லோரும் கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தள்ளி நிற்கட்டும்.

கூடவே ஒரு மண்வெட்டி, தோல் கையுறை, 3 அங்குல அகலத்தில், இழுக்கும்போது பிடிமானத்துக்கு மரத்தில் சுற்றும் பட்டை. எஸ்டேட்டில் கண்ணில் படும் மரம் பெரும்பாலும் சில்வர் ஓக்காக இருக்கும், அதில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். கொடி ஏறிய மரத்தில் பட்டை சுற்றாதீர்கள். இன்னொருவரின் வருமானம் அது.

4. டயர் (கம்பெனி டயர் தேய்ந்ததும், அல்லது 8 முதல் 12-ஆம் மாதம்)

மொத்தத் திட்டத்தில் பெரிய தொகை இங்கே போகட்டும். எச்.டி. என்பது ரோட்டுக்கு, ஏ.டி. இரண்டுக்கும், எம்.டி. சேற்றுக்கு. சேலத்தில் இருப்பவருக்கு ஏ.டி. போதும் என்பது என் தீர்மானமான கருத்து. எம்.டி. டயரின் பெரிய கட்டைகளுக்கு நடுவே ரப்பர் குறைவு. நனைந்த ரோட்டில் பிடிப்பு குறையும், பிரேக் தூரம் நீளும். மழையில் ஏற்காடு இறங்கும்போது வேண்டாத குணம் இது.

அளவு விஷயத்தில் பேராசை வேண்டாம். ஜிம்னியின் 195/80 ஆர் 15 டயரின் மொத்த விட்டம் 693 மி.மீ. 215/75 ஆர் 15 போட்டால் 703, வித்தியாசம் ஒன்றரை சதவீதம், பெரிதாக எதுவும் கெடாது. 235/75 ஆர் 15 போட்டால் 733, ஏறத்தாழ 6 சதவீதம் கூடுகிறது. தரை இடைவெளியில் கிடைப்பது அதில் பாதி, 20 மி.மீ. மட்டுமே. அதற்கு ஈடாக ஸ்பீடோமீட்டர் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், கியர் நீண்டு ஏற்றத்தில் இழுவை குறையும், ஒவ்வொரு சக்கரமும் கனத்து பிரேக்குக்கு வேலை கூடும், முழுத் திருப்பத்தில் உரசும். மஹிந்திரா தாரின் 255/65 ஆர் 18 டயர் ஏற்கெனவே 789 மி.மீ. அதே அளவில் நல்ல ஏ.டி. போட்டாலே வண்டி வேறு வண்டியாகிவிடும். சட்டப்படியும் அதுதான் நிம்மதி.

கடையில் சரிபார்க்க வேண்டியவை:

- சுமைக் குறியீட்டு எண் பழைய டயருக்குக் குறையக் கூடாது.
- பக்கச்சுவர் மூன்று அடுக்கா? இங்குள்ள உடைந்த கருங்கல் ஓரத்தில் கிழிவது பக்கச்சுவர்தான், அதை ஒட்டிச் சரிசெய்ய முடியாது.
- பக்கச்சுவரில் நாலு இலக்க எண்: 2325 என்றால் 2025-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம் செய்தது. ஒரு வருடத்துக்கு மேல் பழையதைப் புது விலைக்கு வாங்காதீர்கள்.
- ஐந்து டயர் வாங்குங்கள். ஸ்டெப்னி வேறு விட்டத்தில் இருந்தால் 4 ஹை போட முடியாது, மேலே சொன்ன முறுக்கம் டயர் வித்தியாசத்தாலேயே வரும். 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஐந்தையும் சுழற்றுங்கள்.

ஜிம்னி அளவு ஒன்று 7,000 முதல் 10,000, 18 அங்குல அளவு 12,000 முதல் 18,000 வரை ஆகும். தென்மேற்கு மழைக்கு முன், மே மாதத்திலேயே மாட்டிவிட்டால் ரப்பர் பழகுவதற்கு நேரம் கிடைக்கும்.

5. அடித்தகடு

இப்போது அந்தப் போட்டோக்களை எடுங்கள். கீறல் டிரான்ஸ்ஃபர் கேஸ் அடியிலா, டேங்கிலா, கதவுக்குக் கீழேயா?

சேலத்தில் இரும்பு வேலைக்குப் பஞ்சமில்லை. நல்ல பட்டறையில் சொன்ன அளவில் தகடு வளைத்துத் தருவார்கள். ஆனால் எடையைக் கணக்கிட்டுச் சொல்லுங்கள்: ஒரு சதுர மீட்டர் 3 மி.மீ. இரும்பு 23.5 கிலோ, 4 மி.மீ. 31 கிலோ, 6 மி.மீ. அலுமினியம் 16 கிலோ. அலுமினியம் கல்லில் வழுக்காமல் கடிக்கும், ஆனால் கனம் பாதி. பட்டறையில் வலியுறுத்த வேண்டியவை:

- கம்பெனி விட்டிருக்கும் போல்ட் துளைகளில் மாட்டுவதாகவே இருக்கட்டும். சேஸில் வெல்டிங்கும் வேண்டாம், புதுத் துளையும் வேண்டாம்.
- ஆயில் இறக்கும் இடத்தில் துளை. இல்லையென்றால் ஒவ்வொரு சர்வீஸிலும் தகட்டைக் கழற்றக் கூலி.
- சேறும் சருகும் வெளியேற நீளத் துளைகள். இதை அலட்சியப்படுத்தாதீர்கள். பி.எஸ். 6 டீசல் வண்டியின் புகைவடிகட்டி, தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்யும்போது கடுமையாகச் சூடேறும். தகட்டில் சேர்ந்த காய்ந்த இலை அதன் பக்கத்தில் கிடந்தால் தீப்பிடிக்கும்.

டீசல் வண்டிக்காரர்களுக்கு இன்னொன்று. மெதுவாக ஊர்ந்துகொண்டே இருந்தால் அந்த வடிகட்டி சுத்தமாக நேரம் கிடைக்காது. மலை ஓட்டத்துக்கு மறுநாள் ஓமலூர் பக்கம் நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டிவிடுங்கள்.

பக்கவாட்டுக் கம்பி வாங்கும்போது, கால் வைக்கும் படியையும் பாறை தாங்கும் ஸ்லைடரையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வண்டியின் முழு எடையையும் ஜாக்கியில் அதன் மேல் தூக்க முடிந்தால் அது ஸ்லைடர். பாடியில் மாட்டினது பாடியைத்தான் நசுக்கும்.

6. எடை மேடைக்குப் போங்கள்

இந்தப் படியை யாரும் செய்வதில்லை, ஆனால் இதற்குப் பிறகு வரும் எல்லா முடிவும் இதை வைத்துத்தான். லாரிகள் நிற்கும் ஊர் இது, எடை மேடைக்குத் தேட வேண்டியதில்லை. டேங்க் நிரப்பி, வழக்கமாக வரும் ஆட்களையும் சாமானையும் ஏற்றி, மொத்த எடை ஒருமுறை, முன் சக்கரம் மட்டும் மேடையில் ஒருமுறை, பின் சக்கரம் மட்டும் ஒருமுறை. சேஸ் தகட்டில் உள்ள மொத்த எடை வரம்போடு ஒப்பிடுங்கள். சீட்டை உறையில் பத்திரப்படுத்துங்கள்.

கூரை கேரியர் 25 கிலோ, அதில் ஸ்டெப்னி 30, கேன் தண்ணீர் 20. இப்படியே 75 கிலோ, அதுவும் தலைக்கு மேலே. கையேட்டில் கூரைச் சுமை வரம்பு இருக்கும், ஜிம்னி போன்ற சிறு வண்டிக்கு அது மிகக் குறைவு. வளைவில் சாயும் வண்டிக்குக் கூரை எடையைவிடப் பெரிய எதிரி இல்லை.

7. சஸ்பென்ஷன்: ஒரு வருடத்துக்குப் பிறகு, தேவைப்பட்டால் மட்டும்

எடை சீட்டில் பின் அச்சில் 100 கிலோவுக்கு மேல் நிரந்தரமாகக் கூடியிருந்தால் ஸ்பிரிங் மாற்ற நியாயம் உண்டு. உயரமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தூக்குவதற்கு நியாயம் இல்லை. வண்டியின் உயரத்தை மாற்றுவது முதல் படியில் சொன்ன 52-ஆம் பிரிவின் கீழ்தான் வரும். அதனால் அதே உயரத்தில், அந்த எடைக்கு ஏற்ற ஸ்பிரிங்கும் நல்ல ஷாக்கும் போடுவதைத்தான் பரிந்துரைக்கிறேன்.

தூக்கினால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஜிம்னிக்கு முன்னும் பின்னும் கெட்டி அச்சு. 2 அங்குலம் தூக்கினால் முன் அச்சின் கேஸ்டர் கோணம் (ஸ்டியரிங்கை நேராக நிறுத்தும் சாய்வு) குறைந்து ஸ்டியரிங் நேரே நிற்காமல் அலையும், அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பான்ஹார்ட் ராட் அதை ஒரு பக்கமாக இழுக்கும். மஹிந்திரா தாரில் முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன். தூக்கும்போது டிரைவ் ஷாஃப்டின் ஜாயிண்ட் கோணம் கூடி ரப்பர் பூட் கிழியும், கிரீஸ் போகும், ஜாயிண்ட் சத்தம் போடும். ஸ்பிரிங்குக்கு மேல் வட்டை வைத்து உயர்த்தும் மலிவு வேலையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். ஷாக்கின் ஓட்டம் முன்கூட்டியே முடிந்து அது உள்ளுக்குள் அடி வாங்கும்.

ஷாக், ஸ்பிரிங் மாற்றும் நாளில் நீங்களும் பட்டறையில் இருங்கள். சஸ்பென்ஷன் ஆர்மில் உள்ள ரப்பர் புஷ்களின் போல்ட்டை, வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் ஊன்றி வண்டி தன் உயரத்தில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். தொங்கலில் இறுக்கினால் புஷ் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சில மாதத்தில் கிழிந்துவிடும். அன்றே வீல் அலைன்மெண்ட், ஹெட்லைட் மட்டம். 500 கிலோமீட்டரில் எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்சில் மீண்டும் பாருங்கள்.

8. விளக்கு, ஒயரிங்

கூடுதல் விளக்கை மண் பாதையில் மட்டும் எரியவிடுங்கள், ரோட்டில் மூடி போட்டிருக்கட்டும். எதிரே ஏறி வருபவர் வளைவில் கண் கூசினால் தப்பிக்க இடம் இல்லை. 50 வாட் விளக்கு இரண்டு என்றால் 8 ஆம்பியருக்கு மேல். 30 ஆம்பியர் ரிலே, 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர், 15 ஆம்பியர் பியூஸ். பியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். பியூஸுக்கு முன்னால் உள்ள ஒயர் உரசினால் காப்பாற்ற எதுவும் இல்லை. ஹெட்லைட் ஒயரைச் சீவி இணைக்க விடாதீர்கள்.

9. வின்ச், லாக்கர்

வின்ச் என்பது கயிற்றைச் சுருட்டி வண்டியை இழுக்கும் உருளை, லாக்கர் (டிஃப் லாக்) என்பது ஒரு அச்சின் இரண்டு சக்கரங்களையும் சேர்ந்து சுழல வைப்பது. இரண்டும் பெரும்பாலானவர்களுக்குத் தேவையே படாது. கூர்க்காவில் முன்னும் பின்னும் டிஃப் லாக் கம்பெனியிலிருந்தே வருகிறது, மஹிந்திரா தாரின் சில மாடல்களில் பின்பக்கம் உண்டு. மின் வின்ச் மாட்ட முன்பக்கத்தை மாற்ற வேண்டும், பிறகு சட்டச் சிக்கல், முன் அச்சில் கனம். அதற்குப் பதிலாகக் கையால் லீவர் ஆட்டி இழுக்கும் டிர்ஃபர் வாங்குங்கள். மெதுவானது, ஆனால் பின்பக்கமும் இழுக்கும், வண்டியில் மாட்டவே வேண்டாம், வெறும் சாமான்தான்.

10. எங்கே ஓட்டலாம்

காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் சக்கரம் படக் கூடாது. பாதை தெரிகிறது என்பதால் அது பொதுவழி ஆகிவிடாது. எஸ்டேட் பாதை என்றால் உரிமையாளரின் சம்மதம் வேண்டும், அதையும் முன்கூட்டியே. காப்பி பறிக்கும் நவம்பர் முதல் ஜனவரி வரை கேட்காமல் இருப்பது நல்லது. அந்தப் பாதையில் ஆட்கள் மூட்டையோடு நடப்பார்கள், டிராக்டர் வரும். கனமழைக்கு அடுத்த இரண்டு நாள் மண் பாதைக்குப் போகாதீர்கள். நீங்கள் போடும் தடத்தில் அடுத்த மழை ஓடையாகும். காட்டெருமை நின்றால் இன்ஜினை உறுமவிடாமல், தள்ளி நின்று காத்திருங்கள். மலை ரோட்டில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை, குப்பனூர் பாதையின் குறுகலான இடங்களில் இது ரொம்பவே முக்கியம்.

11. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும்

டயர்களின் உள்பக்கச் சுவரையும் கை வைத்துத் தடவிப் பாருங்கள், வெட்டு வெளியே தெரியாது. டிரைவ் ஷாஃப்ட் பூட், பிரேக் ஹோஸ், வீல் நட். தகட்டின் மேல் சேர்ந்த சருகைத் தண்ணீர் அடித்து எடுங்கள், அதை ஓடையில் இறங்கிச் செய்ய வேண்டாம்.

ஓடையைக் கடந்திருந்தால் டிஃபரன்ஷியலை (அச்சின் நடுவில் உள்ள கியர் பெட்டி) கட்டாயம் பாருங்கள். ஓடிச் சூடான அச்சு தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கும், காற்றுப் போக்குக்கான பிரீதர் துளையோ சீலோ வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். நிரப்பு போல்ட்டைத் தளர்த்தி ஒரு சொட்டு ஆயில் எடுத்துப் பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் உடனே மாற்றுங்கள், ஒரு வாரம் தள்ளினால் பேரிங் துருப்பிடிக்கும். பிரீதர் குழாயைச் சில நூறு ரூபாய் ரப்பர் டியூபில் நீட்டி, இன்ஜின் அறையின் மேல்மட்டத்தில் கட்டிவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும். கட்டும்போது, சக்கரம் முழுதாகக் கீழே தொங்கினாலும் டியூப் இழுபடாத அளவுக்குத் தளர்வு விடுங்கள்.